நாங்கள் தவறான சுவரை இடித்த கதை

போன வாரம் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, ஃபயர்வால்னா இங்க சில வெப்சைட்டைத் திறக்க விடாம பண்றாங்களே, அதுதானே?"

அவளுக்கு வயது 14. துபாயில் பிறந்து வளர்ந்தவள். "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் 2003இல் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தப்புக்காக தென்காசியில் எங்கள் ஆச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதில்.

முதல் சுவர்

அமீரகத்தில் எதிசலாத் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைக் கொடுக்கத் தொடங்கியது 1995இல். சவூதி அரேபியாவில் அது 1999இல்தான் பொதுமக்களுக்கு வந்தது. அங்கே நாட்டின் இணையப் போக்குவரத்து முழுவதும் ரியாத்தில் உள்ள மன்னர் அப்துல் அஜீஸ் அறிவியல் தொழில்நுட்ப நகரத்தின் வழியாகப் போய் வந்தது.

இரண்டு நாடுகளிலும் நடுவில் பிராக்ஸி என்ற இடைத்தரகர் இருந்தார். நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் கேள்வி முதலில் அவரிடம் போகும். தடைப் பட்டியலில் உள்ள பக்கம் என்றால், "இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது" என்ற அறிவிப்புதான் திரும்பி வரும். இணையம் வழியாக மலிவாகப் போன் பேச உதவிய தளங்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. போன் கார்டில் நிமிஷத்தை எண்ணி எண்ணி ஊருக்குப் பேசிய காலம் அது. அதனால் அந்தச் சுவரைப் பற்றிப் பேசாத வீடே எங்கள் பில்டிங்கில் கிடையாது. பெரியவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஃபயர்வால்'.

அந்தச் சுவர் நம் வீட்டில் இல்லை. அதைத் திறக்கவோ மூடவோ நம் கையில் எதுவும் இல்லை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சுவர்

ஃபயர்வால் என்ற சொல் கட்டடக் கலையிலிருந்து வந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாமல் இருக்க நடுவில் எழுப்பும் தடுப்புச் சுவர் அது. தமிழில் தீயரண் என்று எழுதுகிறார்கள். அரண் நமக்குப் பழைய சொல்தான். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

1988 நவம்பர் 2ஆம் தேதி, ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் எழுதிய ஒரு நிரல் தானாகவே கணினி விட்டுக் கணினி தாவிப் பரவியது. அப்போதைய இணையத்தில் சுமார் 6,000 கணினிகளை அது திணறடித்ததாக மதிப்பிட்டார்கள். இணையத்தில் எல்லோரும் நல்லவர்கள் என்ற நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது. கம்பெனிகள் தங்கள் வலையமைப்பின் வாசலில் காவல் போட ஆரம்பித்தன. 1994இல் செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஃபயர்வால்-1 வந்தபோதும் அது கம்பெனிகளுக்கான பொருள்தான்.

வீடுகளுக்குத் தனியாக ஒரு சுவர் தேவைப்பட்டது 1990களின் கடைசியில். வீட்டுக் கணினிகள் மணிக்கணக்கில் இணையத்தோடு இணைந்தே கிடந்தன. நீங்கள் எதையும் திறக்காமல் சும்மா இருந்தாலும், உங்கள் கணினியின் 'போர்ட்' எனப்படும் கதவுகளை வெளியிலிருந்து யாராவது தட்டிப் பார்க்க முடியும். அதைத் தடுக்க பிளாக்ஐஸ், ஸோன்அலாரம் போன்ற மென்பொருட்கள் வந்தன. ஸோன்அலாரம் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதில் இன்னொரு விசேஷமும் உண்டு. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதோடு நிற்காமல், உங்கள் கணினிக்குள் இருக்கும் ஒரு நிரல் வெளியே போகப் பார்த்தாலும் "இதை அனுமதிக்கவா?" என்று கேட்கும்.

ஆக, இந்தச் சுவர் நம் வீட்டுக்குள் இருப்பது. சாவி நம் கையில்.

சாவி ஒரு 12 வயதுப் பையன் கையில்

எங்கள் வீட்டில் அந்தச் சாவி என் கையில் இருந்தது. பக்கத்து ஃபிளாட் அண்ணன் ஒருவர் எங்கள் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ஓர் இலவச ஃபயர்வாலைப் போட்டுக் கொடுத்தார். "புரியாதது கேட்டா வேண்டாம்னு போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாளே அது 'ஜெனெரிக் ஹோஸ்ட் ப்ராசஸ்' என்ற பெயரைக் காட்டி அனுமதி கேட்டது. புரியவில்லை. வேண்டாம் என்று போட்டேன். "இனி கேட்காதே" என்ற கட்டத்திலும் டிக் அடித்தேன். அத்தோடு எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

"ஏலே, நெட்டு வரமாட்டேங்கு. என்னலே பண்ணுன?" என்றார் அப்பா.

நான் தடுத்தது விண்டோஸின் சொந்த வேலையாள். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைக் கேட்டு வாங்கி வருவது அவன் வேலைகளில் ஒன்று. அவனை வீட்டுக்குள் பூட்டிவிட்டால் பிரவுசருக்கு வழி தெரியாது. அண்ணன் வந்து, நிரல்களின் பட்டியலைத் திறந்து, சிவப்புப் பெருக்கல் குறியைப் பச்சை டிக் ஆக மாற்றினார். ஒரு நிமிஷ வேலை.

ஆனால் அப்பாவின் மனதில் அந்த மென்பொருளுக்கு அன்றைக்கே கெட்ட பெயர் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் சித்தப்பா ஆச்சியைத் தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டி வருவார். மெசஞ்சரில் பேசுவோம். சில நாள் குரல் வரும், சில நாள் வராது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஜூலையில் ஒரு நாள் குரல் வரவே இல்லை. "இந்த ஊர்ல எல்லாத்தையும் ஃபயர்வால்தான் தடுக்கு. நம்ம வீட்டுக்குள்ளயும் ஒண்ணு எதுக்கு?" என்று அப்பா அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அன்றைக்குக் குரல் வந்தது. குற்றவாளி அதுதான் என்று முடிவாயிற்று. ஒரே பெயர் கொண்ட இரண்டு சுவர்களில், எட்டாத சுவர் மேல் இருந்த கோபத்தில் கைக்கு எட்டிய சுவரை இடித்துவிட்டோம்.

60 வினாடி

2003 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிளாஸ்டர் என்ற புழு உலகமெங்கும் பரவத் தொடங்கியது. அதற்கு மின்னஞ்சல் தேவையில்லை, நீங்கள் எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம். இணையத்தில் இருந்தாலே போதும். விண்டோஸின் 135ஆம் எண் கதவைத் தட்டி, அங்கிருந்த ஓர் ஓட்டை வழியாக உள்ளே வரும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. எங்களைப் போன்றவர்கள் அதைப் போடவில்லை. எக்ஸ்பியில் கூடவே ஒரு சின்ன ஃபயர்வாலும் உண்டு. ஆனால் அது அணைத்து வைக்கப்பட்ட நிலையில்தான் வரும்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, ஆச்சிக்காக நெட்டைப் போட்டோம். சில நிமிஷத்தில் ஒரு பெட்டி வந்தது: கணினி 60 வினாடியில் அணையப் போகிறது. 59, 58, 57... அணைந்தது. மறுபடி போட்டோம். மறுபடி 60. பள்ளிக்கூட லீவு என்பதால் பாதி பில்டிங் ஊருக்குப் போயிருந்தது. அண்ணனும் வேலையில். நாங்கள் நாலு தடவை போட்டு அணைந்துகொண்டிருந்த நேரத்தில், அங்கே ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரி அண்ணன் வந்தார். முதல் காரியமாகப் போன் ஒயரைப் பிடுங்கினார். டாஸ்க் மேனேஜரில் 'எம்எஸ்பிளாஸ்ட்' என்ற பெயரைக் காட்டி, அதை நிறுத்தினார். எக்ஸ்பியின் சொந்த ஃபயர்வாலைப் போட்டுவிட்டுத்தான் ஒயரை மறுபடி மாட்டினார். அதன் பிறகு திருத்தத்தை இறக்கினார், கடைசியில் புழுவை நீக்கும் கருவியை ஓட்டினார். "மறுபடி பெட்டி வந்தா ரன்ல போயி 'ஷட்டவுன்', இடைவெளி, கோடு, 'ஏ'ன்னு அடி. எண்ணுறது நின்னுரும்" என்று சொல்லிக் கொடுத்தார். வரிசை முக்கியம் என்பது அன்றைக்குப் புரிந்தது. சுவர் இல்லாமல் திருத்தத்தைத் தேடி நெட்டுக்குப் போனால், அது இறங்கி முடிவதற்குள் புழு மறுபடி வந்துவிடும்.

"வீட்டுக் கதவைக் கழட்டி வச்சுட்டு, தெருக்கோடி கேட்டைத் திட்டிட்டு இருந்திருக்கீங்க" என்றார். அப்பா பதில் பேசவில்லை.

ஆச்சி அதற்குப் பிறகு அந்தச் சென்டர் படி ஏறவில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொன்னாள். போன் கார்டுக்கே திரும்பினோம்.

அதற்குப் பிறகு

2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. அதிலிருந்துதான் விண்டோஸ் ஃபயர்வால், நாம் கேட்காமலே இயங்கும் நிலையில் வரத் தொடங்கியது. பிளாஸ்டர் போன்ற புழுக்கள் கொடுத்த அடிதான் அதற்குப் பெரிய காரணம். இன்று உங்கள் லேப்டாப்பில் அது சத்தமில்லாமல் ஓடுகிறது.

ஆனால் சுவர் எல்லாவற்றையும் தடுக்காது. 2012 ஆகஸ்ட் 15ஆம் தேதி சவூதியின் அரம்கோ எண்ணெய் நிறுவனத்தில் ஷமூன் என்ற நிரல் சுமார் 30,000 கணினிகளை அழித்தது. நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது அது. 2017 மே மாதம் வானாக்ரை வந்தபோது பழைய கதையே திரும்பியது. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. சுவர் வேண்டும், திருத்தமும் வேண்டும், சாவி வைத்திருப்பவர் என்ன செய்கிறோம் என்று தெரிந்தும் செய்ய வேண்டும்.

அக்கா மகளிடம் இதைச் சொல்லி முடித்ததும் அவள் மொபைலைப் பார்த்தேன். ஒரு விளையாட்டுச் செயலி அவள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. பேசிக்கொண்டே 'சரி' என்று தட்டினாள். நான் 12 வயதில் பார்த்த அதே பெட்டிதான். அன்றைக்கு நான் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றேன், இவள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள். இரண்டு பேருமே வாசிக்கவில்லை.

அப்பா இப்போது தென்காசியில் இருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது போன் வரும். "ஏலே, போன்ல என்னமோ கேக்கு. ஆமான்னு போடவா?"

"என்ன கேக்குன்னு முதல்ல வாசிங்கப்பா."

கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார். நான் காத்திருப்பேன்.