இரட்டை விளிம்புச் சவரக்கத்தி

இரட்டை விளிம்புச் சவரக்கத்தி என்பது, இருபுறமும் கூராக்கப்பட்ட மெல்லிய எஃகு அலகு ஒன்றைக் கழற்றி மாட்டிப் பயன்படுத்தும் பாதுகாப்புச் சவரக்கத்தி ஆகும். பேச்சு வழக்கில் சவரக்கத்தி ரேசர் என்றும் அலகு பிளேடு என்றும் அழைக்கப்படுகின்றன. அலகின் கூர்விளிம்பில் ஒரு சிறு பகுதி மட்டுமே தோலைத் தொடும்படி காப்பு அமைந்திருப்பதால் இது பாதுகாப்புச் சவரக்கத்தி எனப் பெயர் பெற்றது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான இக்கருவி, 1970கள் வரை உலகின் பல நாடுகளில் ஆண்களின் முதன்மையான சவரக் கருவியாக இருந்தது. பின்னர் பல அலகுகள் கொண்ட உறைகளும் (கார்ட்ரிட்ஜ்), பயன்படுத்தியபின் எறியும் கத்திகளும் மேலை நாடுகளில் இதன் இடத்தைப் பிடித்தன. எனினும் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, துருக்கி போன்ற நாடுகளில் இதன் பயன்பாடு அற்றுப்போகவில்லை. 2000களின் நடுப்பகுதியில் இருந்து செலவுக் குறைவு, குறைந்த நெகிழிக் கழிவு ஆகிய காரணங்களால் மேலை நாடுகளிலும் மீண்டும் கவனம் பெற்றுள்ளது.

வரலாறு

சவரக்கத்திக்குக் காப்பு அமைக்கும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிரான்சைச் சேர்ந்த கத்தி செய்வோரான ழான்-ழாக் பெரே, தச்சரின் இழைப்புளியைப் போல, கத்தியின் விளிம்பு சற்றே வெளித்தெரியும்படி மரக்காப்பு ஒன்றைப் பொருத்தினார். 1847ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்லியம் சாமுவேல் ஹென்சன், மண்வெட்டியைப் போல அலகு கைப்பிடிக்குச் செங்குத்தாக அமைந்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1880ஆம் ஆண்டு நியூயார்க்கில் காம்ஃபே உடன்பிறப்புகள் பெற்ற காப்புரிமையில் பாதுகாப்புச் சவரக்கத்தி என்ற சொல் இடம்பெற்றது. ஆயினும் இவற்றின் அலகுகள் தடித்தவை. அவற்றை அடிக்கடி தீட்டிக் கூராக்க வேண்டியிருந்தது.

அடைப்பு மூடிகள் செய்யும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட், தீட்ட வேண்டாத, மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய அலகு என்ற எண்ணத்தை 1895ஆம் ஆண்டு முன்வைத்தார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூராக்க அக்காலத்தில் வழி இல்லை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வில்லியம் எமரி நிக்கர்சன் அதற்கான முறையையும் இயந்திரங்களையும் உருவாக்கினார். 1901ஆம் ஆண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் 51 கத்திகளும் 168 அலகுகளும் மட்டுமே விற்றன. அடுத்த ஆண்டு 90,000க்கும் மேற்பட்ட கத்திகள் விற்பனையாயின. 1904ஆம் ஆண்டு நவம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது.

கத்தியை மலிவாகக் கொடுத்து அலகில் இலாபம் பார்க்கும் வணிக முறையைத் தொடக்கத்திலேயே ஜில்லெட் கையாண்டார் எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் காப்புரிமை நடப்பில் இருந்தவரை கத்தியின் விலை 5 டாலராக, அக்காலத் தொழிலாளருக்குப் பெருந்தொகையாக வைக்கப்பட்டிருந்தது. 1921ஆம் ஆண்டு காப்புரிமை காலாவதியாகி, பிறரும் செய்யத் தொடங்கிய பின்னரே மலிவுக் கத்திகள் பெருகின.

பின்னைய வளர்ச்சிகளில் குறிப்பிடத்தக்கவை:

* 1930: ஜில்லெட் நிறுவனமும் ஹென்றி கெய்ஸ்மனின் ஆட்டோஸ்டிராப் நிறுவனமும் இணைந்தன. நடுவில் நீண்ட துளை கொண்ட இன்றைய அலகு வடிவம் இக்காலத்தில் நிலைபெற்றது.
* 1962: பிரித்தானியாவின் வில்கின்சன் சுவோர்ட் நிறுவனம் பூச்சிட்ட துருப்பிடிக்காத எஃகு அலகை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் பரவலாக இருந்த கரிம எஃகு அலகுகள் எளிதில் துருப்பிடித்தன.
* 1971: ஜில்லெட் நிறுவனம் இரண்டு அலகுகள் கொண்ட உறையை அறிமுகப்படுத்தியது. இரட்டை விளிம்புக் கத்தியின் சரிவு இதனுடன் தொடங்கியது.

அமைப்பும் செயற்பாடும்

கத்தியில் மேல்மூடி, அடித்தகடு, கைப்பிடி ஆகிய மூன்று பகுதிகள் உள்ளன. அலகு ஏறத்தாழ 43 மி.மீ. நீளமும் 22 மி.மீ. அகலமும் 0.1 மி.மீ. தடிப்பும் கொண்டது. இவ்வளவு மெல்லிய தகடு தட்டையாக இருந்தால் முடியை வெட்டும்போது அதிரும். எனவே மேல்மூடி அதனை வில்லைப் போல வளைத்து இறுக்குகிறது. வளைந்த தகடு விறைப்புப் பெறுகிறது.

சவரத்தின் தன்மையைப் பெரிதும் முடிவு செய்வன இரண்டு அளவுகள் ஆகும். முதலாவது, அலகின் விளிம்புக்கும் அடித்தகட்டின் காப்புக்கும் இடையே உள்ள அலகு இடைவெளி. இரண்டாவது, மேல்மூடியையும் காப்பையும் தொடும் கோட்டைத் தாண்டி விளிம்பு எவ்வளவு நீண்டுள்ளது என்பதைக் குறிக்கும் அலகு வெளிப்பாடு. இவை குறைவாக உள்ள கத்தி மென்மையானது என்றும், கூடுதலாக உள்ளது கடுமையானது என்றும் கூறப்படும். மென்மையான கத்தி தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கடுமையான கத்தி நீண்ட முடியை விரைவில் நீக்கும், ஆனால் கோணம் சிறிது பிசகினாலும் வெட்டும். இடைவெளி அளவை மட்டும் கொண்டு கத்தியை மதிப்பிட முடியாது. இடைவெளி கூடுதலாக இருந்தும் வெளிப்பாடு குறைவானதால் மென்மையாக இருக்கும் கத்திகள் உண்டு.

வகைகள்

பிரிக்கும் முறையைப் பொறுத்து:

* மூன்று துண்டு வகை: மேல்மூடி, அடித்தகடு, கைப்பிடி மூன்றும் தனித்தனியே கழலும். அசையும் உறுப்புகள் இல்லாததால் பழுதாவது குறைவு. முழுவதும் கழுவலாம்.
* இரண்டு துண்டு வகை: அடித்தகடு கைப்பிடியுடன் சேர்ந்தே இருக்கும். ஜெர்மனியின் சோலிங்கனைச் சேர்ந்த மெர்க்கூர் 34சி இவ்வகையைச் சேர்ந்தது.
* வண்ணத்துப்பூச்சி வகை: கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரு கதவுகளாகத் திறக்கும். அலகு மாற்றுவது எளிது. ஆனால் உள்ளே சவர்க்காரமும் உப்புத்தண்ணீரின் படிவும் சேரும்.

காப்பின் வடிவத்தைப் பொறுத்து, நேர்விளிம்பு கொண்டது மூடிய சீப்பு என்றும் பற்கள் கொண்டது திறந்த சீப்பு என்றும் வழங்கும். இவை தவிர, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத்தக்க கத்திகளும், அலகைச் சாய்வாகப் பிடிக்கும் சாய்தலைக் கத்திகளும் உள்ளன.

தொடக்கநிலையாளருக்கு ஏற்ற கத்தி

உறை வகைக் கத்தியின் தலை முகத்தின் வளைவுக்கேற்பத் தானே திரும்பும். இரட்டை விளிம்புக் கத்தியின் தலை அசையாது. கோணத்தைக் காப்பது கையின் வேலை. இந்தப் பழக்கம் கைவரும் வரை, பெரும்பாலும் சில வாரங்கள், தவறு நேருவது இயல்பு. எனவே முதல் கத்தியில் தேட வேண்டியது மிக நெருக்கமான சவரம் அன்று, தவறைப் பொறுக்கும் தன்மையே ஆகும். பின்வருவன கருதத்தக்கவை:

* மூடிய சீப்பும் மென்மை முதல் நடுத்தரம் வரையான தலையும் கொண்டது ஏற்றது. ஜெர்மனியின் மியூலே ஆர்89, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89 ஆகிய இரண்டும் ஒத்த தலை அமைப்பு உடையவை. இவை இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். ஜப்பானின் ஃபெதர் பாப்புலர் நெகிழியால் ஆன, எடை குறைந்த, மலிவான வண்ணத்துப்பூச்சி வகை.
* இடைவெளியை மாற்றத்தக்க கத்தி முதலில் தேவையில்லை. விலை கூடுதல் என்பதோடு, தவறு கையிலா அமைப்பிலா என்று கண்டறிவதும் கடினமாகும்.
* மலிவுக் கத்திகளின் தலை பெரும்பாலும் துத்தநாகக் கலப்புலோக வார்ப்பின் மேல் குரோமியம் பூசியது. பூச்சு உரிந்தால் உலோகம் அரிக்கும். திருகுமரை அளவுக்கு மீறி இறுக்கினால் முறியும். கவனமாகக் கையாண்டால் இது பல ஆண்டுகள் உழைக்கும். பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் உறுதி மிக்கவை, விலையும் மிக்கவை.
* எடை கத்தியை இயக்கப் போதுமானதாக இருந்தால், கை அழுத்தம் கொடுக்கத் தூண்டப்படாது. பெரும்பாலான உலோகக் கத்திகள் 60 முதல் 100 கிராம் வரை எடை கொண்டவை. ஈரக்கையில் வழுக்காத வரிக்கோடுகள் கைப்பிடியில் இருத்தல் வேண்டும்.

வாங்கியதும் அலகை மாட்டி, தலையை நேராகப் பார்த்தல் வேண்டும். இருபுறமும் அலகு ஒரே அளவாகவும் காப்புக்கு இணையாகவும் வெளித்தெரிய வேண்டும். ஒரு புறம் கூடுதலாகத் தெரிந்தால், கழற்றி அலகைச் சரியாக அமர்த்தி மீண்டும் இறுக்கிப் பார்க்கலாம். அதன் பின்னும் கோணலாக இருந்தால் அது வார்ப்பின் குறை. அத்தகைய கத்தியை மாற்றிக்கொள்வதே முறை. மலிவுக் கத்திக்கும் நல்ல கத்திக்கும் உள்ள உண்மையான வேறுபாடு பளபளப்பில் இல்லை, இந்த ஒழுங்கிலேயே உள்ளது.

அலகு

இரட்டை விளிம்பு அலகுகளின் வடிவம் பொதுவானது. எந்த நிறுவனத்தின் அலகும் ஏறத்தாழ எந்தக் கத்திக்கும் பொருந்தும். உறை வகையில் கைப்பிடியை வாங்கியவர் அதற்குரிய உறையையே வாங்கியாக வேண்டும். இவ்வகையில் அந்தக் கட்டு இல்லை. அலகின் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய அலகுகள் குரோமியம் கலந்த எஃகால் ஆனவை. விளிம்பில் பிளாட்டினம், குரோமியம் போன்ற உலோகப் பூச்சும், உராய்வைக் குறைக்கும் டெஃப்லான் போன்ற பூச்சும் இடப்படுகின்றன. ஒருவருக்கு இதமான அலகு மற்றொருவருக்கு எரிச்சல் தரலாம். எனவே கத்தியையும் சவர்க்காரத்தையும் மாற்றாமல், அலகை மட்டும் மாற்றி ஒப்பிடுதல் பயனுள்ளது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் காரணம் தெரியாது. மிகக் கூரியதெனப் பெயர் பெற்ற ஃபெதர் போன்ற அலகுகளைக் கை பழகிய பின் முயலலாம். ஓர் அலகு பொதுவாக 3 முதல் 7 சவரம் வரை உதவும். முடியை இழுப்பது போல் தோன்றினால் மாற்றிவிட வேண்டும்.

செலவு

ஒரு சவரத்தின் செலவு, கத்தியின் விலையைச் சவரங்களுக்குப் பங்கிட்ட தொகையும் அலகின் தேய்மானமும் சேர்ந்தது. எடுத்துக்காட்டாக, 700 ரூபாய்க் கத்தியில் 5 ரூபாய் அலகை நான்கு முறை பயன்படுத்தினால், அலகுச் செலவு சவரத்துக்கு 1.25 ரூபாய். 150 ரூபாய் உறையை 15 முறை பயன்படுத்துபவருக்கு 10 ரூபாய். வேறுபாடு 8.75 ரூபாய் என்பதால், 80 சவரங்களில் கத்தியின் விலை மீண்டுவிடும். ஆனால் 20 ரூபாய் எறிகத்தியை நான்கு முறை பயன்படுத்துபவருக்குச் செலவு 5 ரூபாயே. அவருக்கு விலை மீள ஏறத்தாழ 187 சவரங்கள் வேண்டும். அவ்வப்போது மட்டும் சவரம் செய்பவருக்கு இது சில ஆண்டுகள் ஆகலாம். சிக்கனம் கருதி வாங்குவோர் முதல் கத்தியோடு நிறுத்திக்கொண்டால் மட்டுமே சிக்கனம் கிட்டும்.

பயன்படுத்தும் முறை

1. வெந்நீரால் முகத்தை நனைத்து, சவர்க்கார நுரையைத் தேய்த்துச் சில நிமிடம் முடியை ஊறவிட வேண்டும்.
2. அலகைக் கூரில்லாத குறும்பக்கங்களில் மட்டுமே பிடித்து மாட்ட வேண்டும்.
3. மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, விளிம்பு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்த வேண்டும். அலகு தோலுடன் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் அமையும்.
4. அழுத்தாமல், கத்தியின் எடையே வேலை செய்யுமாறு, முடி வளரும் திசையில் குறுகிய வீச்சுகளாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது.
5. முடிந்ததும் கத்தியைக் கழுவி உலரவிட வேண்டும். அலகைத் துணியால் துடைத்தால் விளிம்பும் கெடும், விரலும் வெட்டுப்படும்.

முதல் சில நாட்களில் கன்னத்தை மட்டும் இக்கத்தியால் மழித்து, தாடையையும் கழுத்தையும் பழைய கத்தியால் முடிப்பது நல்லது. முடியின் எதிர்த்திசையில் மழிப்பதைப் பின்னர் பழகலாம்.

உடல்நலமும் பாதுகாப்பும்

சுருள்முடி உடையோருக்கு, வெட்டிய முடி தோலுக்குள் வளைந்து வளர்ந்து கொப்புளங்கள் தோன்றுவது உண்டு. பல அலகு உறைகள் முடியைத் தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டக்கூடும் என்பதால், ஒற்றை அலகு சிலருக்கு உதவுகிறது. இது மருத்துவம் அன்று. குருதி உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர், கை நடுக்கம் உடையோர், முகத்தில் புண் உள்ளோர் மருத்துவரைக் கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

அலகை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. குருதி வழியே பரவும் கல்லீரல் அழற்சி பி, சி ஆகிய நோய்கள் பகிரப்பட்ட அலகினாலும் பரவக்கூடும். இந்தியாவின் முடிதிருத்தகங்களில் பழைய தீட்டுக் கத்திக்குப் பதிலாக, இரட்டை விளிம்பு அலகை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைப் பொருத்தும் கத்தி வழக்கில் உள்ளது. ஒவ்வொருவருக்கும் புதிய அலகு போடப்படுவதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நலம்.

பயன்படுத்திய அலகைக் குப்பையில் அப்படியே போடுவது துப்புரவுப் பணியாளரின் கையைக் காயப்படுத்தும். மூடியில் சிறு கீறல் இட்ட தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் ஒட்டி மூடி, கூரிய பொருள் என எழுதித் தனியே கொடுக்கலாம். அமெரிக்காவில் பழைய வீடுகளின் குளியலறை மருந்துப் பேழையில் அலகு போடுவதற்கென ஒரு துளை இருந்தது. அதில் போட்டவை சுவருக்குள் விழுந்து அங்கேயே தங்கின. வீட்டை இடிக்கும்போது இன்றும் அவை குவியலாகக் கிடைப்பதுண்டு.

விமானப் பயணத்தில் தனி அலகுகளைக் கைப்பையில் கொண்டு செல்ல அனுமதி இல்லை.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்வகை அலகுகள் பெட்டிக்கடைகளிலும் கிடைக்கின்றன. 2010ஆம் ஆண்டு ஜில்லெட் நிறுவனம் இவ்வகைக் கத்தி பயன்படுத்துவோரை ஈர்க்கும் பொருட்டு, ஒற்றை அலகு உறை கொண்ட மலிவுக் கத்தியை இந்தியாவில் வெளியிட்டது. சவரம் தவிர, நூல் வெட்டவும் பென்சில் சீவவும் தையல் பிரிக்கவும் இந்த அலகு பயன்பட்டு வந்துள்ளது. சலிப்பூட்டும்படி பேசுவதைத் தமிழ்ப் பேச்சு வழக்கில் "பிளேடு போடுதல்" என்பர்.

இவற்றையும் பார்க்க

* சவரம்
* சவர்க்காரம்
* துருப்பிடிக்காத எஃகு
* காப்புரிமை