அணுவைத் தமிழில் பேசியவர்கள்

செஞ்சி வட்டாரத்து வல்லத்தில் நின்று கிழக்கே நோக்கினால் கடல் தெரியாது. வயலும் ஏரியும் பாறைக் குன்றுகளுமே கண்ணிற்படும். ஆயினும் கல்பாக்கத்து அணு உலைகள் அவ்வூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. முதல் உலை 1983இலும் இரண்டாவது 1985இலும் இயங்கத் தொடங்கின. அந்த உலைகளைப் பற்றி வல்லத்து உழவருக்கு அவர் மொழியில் யார், என்ன சொன்னார்கள்? தமிழ்ச் சுற்றுச்சூழல் எழுத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1962ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தன. அமெரிக்காவில் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. பூச்சிக்கொல்லிகளைப் பற்றிய அந்நூல், அணுகுண்டுச் சோதனைகள் மண்ணில் சேர்த்த ஸ்ட்ரான்சியம்-90இன் பயணத்தோடு வேதி நஞ்சின் பயணத்தை ஒப்பிட்டுக் காட்டியது. அதே ஆண்டு இந்தியாவில் அணுசக்திச் சட்டம் இயற்றப்பட்டது. அணுத்துறை சார்ந்த தகவல்கள் வெளியாவதைத் தடுக்கும் அதிகாரத்தை அதன் 18ஆம் பிரிவு மத்திய அரசுக்கு வழங்கியது. ஓரிடத்தில் அறிவியல் பொதுமக்களின் விவாதப் பொருளாயிற்று. மற்றோரிடத்தில் அது காப்பறைக்குள் பூட்டி வைக்கப்பட்டது.

அந்தப் பூட்டை அசைத்துப் பார்த்த முயற்சிகளில் முதன்மையானது குஜராத்தின் வேட்சி கிராமத்திலிருந்து 1987இல் தொடங்கிய 'அணுமுக்தி' என்னும் ஆங்கில இதழ். இயற்பியலாளர் சுரேந்திர காடேகரும் மருத்துவர் சங்கமித்ரா காடேகரும் அதை நடத்தினர். அவர்கள் முழக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1991இல் ராஜஸ்தானின் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தை ஒட்டிய கிராமங்களில் வீடு வீடாகச் சென்று உடல்நலக் கணக்கெடுத்தனர். தொலைவிலுள்ள கிராமங்களிலும் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டனர். உலைக்கு அருகில் பிறவிக் குறைபாடுகள் மிகுதி என்ற முடிவை 1993இல் வெளியிட்டனர். அம்முடிவை அணுசக்தித் துறை ஏற்கவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கும் உரிமை குடிமகனுக்கும் உண்டு என்பது நிறுவப்பட்டது.

தமிழில் இப்பணியை மேற்கொண்டது, 1980களின் பிற்பகுதியில் நெடுஞ்செழியனின் முனைப்பில் உருவான 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அப்பெயர் புதிதன்று. ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்கள் அவர்களே. வேளாண்மை, பூச்சிக்கொல்லி, அணுசக்தி என வெவ்வேறாகத் தோன்றியவற்றை ஒரே சரடில் கோத்துக் காட்டியதே அவர்களது தனித்தன்மை எனலாம். கதிரியக்கம், அணுக்கழிவு, சூழலியல் போன்ற சொற்கள் இன்று நாளிதழ்களில் இயல்பாகப் புழங்குவதில் இத்தகைய சிறு வெளியீடுகளுக்கும் பங்குண்டு.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. நெடுங்காலம் இந்த எழுத்து நம் போன்ற வாசகர்களின் அலமாரிகளிலேயே தங்கிவிட்டது. கடற்கரை மக்களோ தம் வழியில் முன்னே சென்றுகொண்டிருந்தனர். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அடுத்த ஆண்டு மே 1 அன்று மீனவர்களின் கடற்கரைப் பேரணி கன்னியாகுமரியில் நிறைவுற்றபோது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. நூலும் மக்களும் உண்மையில் சந்தித்துக்கொண்டது 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நிகழ்ந்த பின்னர்தான். இடிந்தகரைப் பந்தலில் மீனவப் பெண்கள் குளிர்விக்கும் நீரைப் பற்றியும் கழிவைப் பற்றியும் கேட்ட கேள்விகளுக்கு வல்லுநர்கள் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் கோ. சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில், 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையைத் தடுக்க மறுத்தது; எனினும் பதினைந்து நிபந்தனைகளை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டே கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் தல மதிப்பீட்டு அறிக்கையையும் வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்டிருந்தது. அணுமின் கழகம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் உலைக்கருகில் வாழ்பவர் அதன் அறிக்கையைப் படிக்கலாமா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமேது?

2003 ஜனவரியில் கல்பாக்கத்து மறுசுழற்சி ஆலையில் ஆறு பணியாளர்கள் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அது வெளியுலகிற்குத் தெரிய மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் வல்லத்துக்காரர் எதையும் அறிந்திருக்க வழியில்லை, சென்னைவாசியும் அவ்வாறே. இச்சிறு வெளியீடுகள் நமக்குத் தந்தது ஆயத்த விடைகளை அல்ல, கேட்பதற்கான சொற்களை. அச்சொற்களை அலமாரியிலிருந்து எடுத்து ஊருக்குள் கொண்டுசெல்வது இனி வாசகரின் பொறுப்பு.