படத்தில் காய்த்த காய்: விதைக் கேட்டலாக்கும் தோட்டக்காரர்களும்

ஒரு சட்டை வாங்குகிறோம். துணியைத் தொட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கலாம், அளவு சரியில்லை என்றால் மறுநாளே கொண்டுபோய் மாற்றலாம். விதை அப்படிப்பட்ட சரக்கு இல்லை. திருக்கனூர் பக்கம் ஒரு விவசாயி கத்தரி விதை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, தண்ணீர் கட்டி, களை எடுத்து, முதல் காய் பறிக்கும்போதுதான் அது என்ன ரகம் என்பதே உறுதியாகத் தெரியும். அதற்குள் சுமார் மூன்று மாதம் ஓடிவிடும். பட்டமும் போய்விடும். கெட்டுப்போன விதைக்குப் பணம் திரும்பக் கிடைத்தாலும் போன பட்டம் திரும்பக் கிடைக்காது.

ஆக, விதை வியாபாரம் என்பது முழுக்க முழுக்க நம்பிக்கை வியாபாரம். அந்த நம்பிக்கையைத் தபாலில் அனுப்பி வைக்க வந்ததுதான் அச்சடித்த விதைக் கேட்டலாக். அதைப் பற்றித் தோட்டக்காரர்கள் என்ன நினைத்தார்கள்? ரசித்தவர்கள் உண்டு, திட்டியவர்களும் உண்டு. ஆனால் நம் நாட்டுத் தோட்டக்காரர்கள் சொன்ன பதில்தான் தனி ரகம்!

சத்தியமும் கைகழுவலும்

பாரிஸ் நகரத்து வில்மோரின் விதைக்கடையின் கதை 1743-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லாண்ட்ரெத் நிறுவனம் 1784-இலும், இங்கிலாந்தின் ரெடிங் நகரில் சட்டன் நிறுவனம் 1806-இலும், மறுபடியும் பிலடெல்பியாவில் பர்ப்பி 1876-இலும் தொடங்கின. ரயிலும் மலிவான தபாலும் வந்த பிறகு இவர்களுடைய கேட்டலாக்குகள் ஊர் ஊராகப் போயின. வண்ணப் படங்கள் வந்தன. படத்தில் தக்காளி குழந்தையின் தலை அளவு இருக்கும். முட்டைகோஸை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது!

ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க விதை வியாபாரிகள் பலர் அதே கேட்டலாக்கில் இன்னொன்றையும் பொடி எழுத்தில் அச்சடித்தார்கள். விதையின் ரகம், தரம், விளைச்சல் எதற்கும் நாங்கள் உத்தரவாதம் இல்லை என்பதே அதன் சாரம். முன் அட்டையில் சத்தியம், உள்ளே கைகழுவல். வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சரக்கின் தரம் விற்பவருக்கு ஓரளவாவது தெரியும், வாங்குபவருக்கு அறவே தெரியாது. அப்படிப்பட்ட சந்தையில் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதைத்தான் அந்தப் பொடி எழுத்து முடிவு செய்தது.

கேட்டலாக்கைப் புத்தகம்போல மதிப்பிட்டு விமர்சனம் எழுதியவர் ஒருவர் உண்டு. 'நியூயார்க்கர்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்த கேதரின் ஒயிட், 1958-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இப்படி எழுதினார். அவர் ஒரு தோட்டக்காரர். கேட்டலாக்குகளை ஆசையோடு படிப்பார், ஆனால் ஏமாற மாட்டார். பூவைப் பெரிதாக்கிக்கொண்டே போய் ஒரு செடியின் பூவை வேறொரு செடியின் பூபோல ஆக்கிவிடுகிறார்களே என்பது அவருடைய பெரிய குறை. அந்தக் கட்டுரைகள் 1979-இல் புத்தகமாகவும் வந்தன.

கப்பலில் வந்த விதை

நம் நாட்டுக்கு வருவோம். 1820-இல் வில்லியம் கேரி கல்கத்தாவில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் அப்படி ஒரு சங்கம் 1835-இல் வந்தது. 1847-இல் ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்தார்கள். நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பின்னாளில் அதுவே அரசு தாவரவியல் பூங்கா ஆனது. கேரட், பீட்ரூட், முட்டைகோஸை எல்லாம் இன்றும் 'இங்கிலீஷ் காய்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தக் காலம்தான்.

அன்று விதைகள் மாதக்கணக்கில் கப்பலில் வந்தன. விதைக்கு எமன் வெப்பமும் ஈரமும். இரண்டும் சேர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். தப்பிப் பிழைத்து வந்த விதைக்கும் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. ஐரோப்பியக் கேட்டலாக் மார்ச், ஏப்ரலில் விதைக்கச் சொல்லும். அது அவர்களுக்கு வசந்தம். புதுச்சேரிப் பக்கம் அது கத்திரி வெயிலுக்கு முந்தைய காலம்! இங்கே 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். பட்டம் தெரியாத புத்தகம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் தாவரவியல் பூங்கா அமைத்தார்கள். அதைப் பல ஆண்டுகள் கவனித்தவர் பெரோத்தே. 1867-இல் அவருடைய செடிப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. அதுவும் கேட்டலாக்தான், ஆனால் விற்பனைக்கானது அல்ல. அந்தப் பூங்காவில் இருந்த செடிகளின் பட்டியல். விதை வியாபாரியின் கேட்டலாக் 'முளைக்கும்' என்று சொல்லும். பூங்காவின் பட்டியல் 'முளைத்தது' என்று சொல்லும். தோட்டக்காரர் எதை நம்புவார் என்று கேட்கவே வேண்டாம்.

காலிஃபிளவர் சொன்ன பதில்

1822-இல் காலிஃபிளவர் விதை இங்கிலாந்திலிருந்து வடக்கே சஹாரன்பூர் பூங்காவுக்கு வந்தது. குளிர்நாட்டுச் செடி, நம் வெயிலுக்கு ஒத்துவராது. பெரும்பாலானவை பூ கட்டாது. ஆனால் ஏதோ சில செடிகள் தாக்குப்பிடிக்கும். அந்தச் சிலவற்றிலிருந்து வட இந்தியத் தோட்டக்காரர்கள் விதை எடுத்தார்கள். மறு வருஷம் அதில் சிறந்ததிலிருந்து மறுபடியும் எடுத்தார்கள். அப்பா, மகன், பேரன் என்று சுமார் நூறு வருஷம் இது நடந்தது. அவர்கள் எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதவில்லை. வெளிநாட்டு விதையைப் பற்றிய அவர்களுடைய கருத்தெல்லாம் அந்தச் செடியில்தான் இருந்தது.

முடிவு என்ன தெரியுமா? 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் பூ கட்டும் 'இந்தியக் காலிஃபிளவர்' உருவானது. 1929-இல் கல்கத்தாவிலிருந்த சட்டன் நிறுவனம் இவற்றை எர்லி பாட்னா, மெயின் கிராப் பாட்னா, எர்லி பனாரஸ், மெயின் கிராப் பனாரஸ் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளியே இருந்து வந்த விதை, உள்ளூர்க்காரர் கையில் திருந்தி, திரும்பவும் வியாபாரியின் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஊர்ப் பெயர் இருந்தது. உழைத்தவர்களின் பெயர் இல்லை.

வி.பி.பி.யால் தீராத பிரச்சனை

இந்திய வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. புனேயில் போச்சா நிறுவனம் 1884-இல் தொடங்கியது. அதற்குச் சில வருஷம் முன்பே, 1877-இல், வி.பி.பி. தபால் முறை வந்துவிட்டது. பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். புத்தகத்துக்கும் கடிகாரத்துக்கும் அது அருமையான ஏற்பாடு. விதைக்கு? பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது சொன்ன ரகம்தானா என்று தெரியாதே!

அந்த இடைவெளியைச் சட்டம்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. 1963-இல் தேசிய விதைக் கழகம் வந்தது. 1966-இல் விதைச் சட்டம் வந்தது. சான்று பெற்ற விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 என்று வரையறை இருக்கிறது. 1973-இல் பெங்களூரைச் சேர்ந்த இந்தோ-அமெரிக்கன் நிறுவனம் தக்காளியிலும் குடைமிளகாயிலும் கலப்பின வீரிய ரகங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளைச்சல் கூடியது. ஆனால் கலப்பினக் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வராது. காலிஃபிளவரில் செய்ததைப்போல நல்ல செடியிலிருந்து வீட்டிலேயே விதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது. வருஷா வருஷம் வாங்கியாக வேண்டும், அதாவது வருஷா வருஷம் நம்பியாக வேண்டும்.

2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு இதில் முக்கியமானது. பதிவு பெற்ற ரகம் என்ன விளைச்சல் தரும் என்பதை, எந்தச் சூழ்நிலையில் என்பதோடு சேர்த்து விவசாயிக்குச் சொல்ல வேண்டும். சொன்னபடி வரவில்லை என்றால் அவர் இழப்பீடு கோரலாம். விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் அவருக்கு உரிமை உண்டு என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்தின் மீது தொடுத்த வழக்கு அது. விதை வாங்கும் விவசாயி 'நுகர்வோர்' அல்ல என்ற வாதம் எடுபடவில்லை. பரிசோதனைக்காக விதையில் ஒரு பங்கை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வாங்கியதை எல்லாம் விதைப்பவர்தானே விவசாயி! பழைய கேட்டலாக்கின் பொடி எழுத்துக்குக் கிடைத்த பதிலாகவே இதைப் பார்க்கலாம்.

முகம் தெரிந்த விதை

கேட்டலாக் வருவதற்கு முன்பும் விதை கைமாறிக்கொண்டுதான் இருந்தது. முற்றிய காயை விதைக்கென்று விட்டு, விதை எடுத்து, சாம்பலிலோ சாணத்திலோ கலந்து சுவரில் தட்டி வைப்பார்கள். சுரைக்குடுக்கையில் போட்டு அடைப்பார்கள். கொடுத்தவர் பக்கத்துத் தெருக்காரர். விதை பொய்த்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே போய்க் கேட்கலாம். அந்த உத்தரவாதம் எந்த அச்சகத்திலும் அடிக்க முடியாதது. நெல் ஜெயராமன் 2006 முதல் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவும் இந்த வழியில்தான் நடந்தது. இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விளைந்ததா இல்லையா என்பது அந்த நான்கு கிலோவிலேயே தெரிந்துவிடும்.

அதற்காகக் கேட்டலாக்கே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாவிட்டால் ஊட்டி கேரட்டும் இல்லை, காலிஃபிளவரும் இல்லை. படத்தைப் பார்த்து ஆசைப்படலாம், தப்பில்லை. வாங்கிய பிறகு செய்ய வேண்டியது மூன்றுதான். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். நன்றாக வந்தது நாட்டு ரகமாக இருந்தால் நல்ல செடியிலிருந்து விதை எடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள். விதைத்து முடித்த கையோடு பாக்கெட்டையும் பில்லையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விதை மண்ணுக்குள் போன பிறகு உங்கள் கையில் மிச்சம் இருக்கும் சாட்சி அந்தக் காகிதம்தான்.