மலையேற்றமும் மலைக்காய்ச்சலும்

வெப்ப நாட்டிலே உடல்நலம் பேண மலையேற வேண்டும் என்பது ஆங்கிலேயரின் பழைய நம்பிக்கை. 1786இல் பினாங்கில் காலூன்றிய பிரான்சிஸ் லைட், ஈராண்டில் அங்குள்ள மலைமேல் பாதை வெட்டுவித்தார். சதுப்புநிலத்துக் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என மருத்துவரும் நம்பிய காலம் அது. 'மலேரியா' என்னும் சொல்லின் பொருளும் அதுவே. லைட் 1794இல் அக்காய்ச்சலால் மாண்டார்.

ஆயினும் மலைமேல் ஓய்வில்லங்கள் பெருகின. 1923இல் மலை இரயில் ஓடத் தொடங்கும்வரை, விடுமுறைக்கு வந்தோர் பலரைக் கூலியாட்களே நாற்காலியில் சுமந்து ஏறினர். சுமந்தவர்க்கு ஓய்வில்லம் ஏது? மலைக்குளிர் களைப்பை ஆற்றியது மெய்தான். காய்ச்சலைத் தடுக்கும் வழியோ கீழே, சமவெளியில் கிடந்தது.

1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், நோய்க்கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் அவ்வுண்மையைச் செயலாக்கினார். சதுப்புநீர் வடிக்கப்பட்டது, புதர்கள் வெட்டப்பட்டன. அவ்வாண்டு திறந்த இரு மாதங்களுக்குள் காய்ச்சலால் மூடப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், மீண்டும் இயங்கியது. ஓடிப்போக மலையில்லாத தொழிலாளரும் பிழைத்தனர்.

மலையடிவாரத் தோட்டங்களில் மட்டும் அம்முறை பலிக்கவில்லை. காடழித்து வெயில்பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு வளர்ந்தது. அவ்வோடைகளை மண்ணுக்கடியில் குழாய்வழிச் செலுத்திய பின்னரே அங்கும் காய்ச்சல் தணிந்தது.