சமயம் நீங்கியும் கடமை நீங்காதவர்

கடுமையான சமயக் கட்டுப்பாட்டில் வளர்ந்த ஒருவர், அச்சமயத்தை விட்டு நீங்கிய பின் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு வாழ்வார்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலும் எழுத்தாலும் விடை தேடியவர், ஜார்ஜ் எலியட் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்த மேரி ஆன் எவான்ஸ் அம்மையார்.

அவர் 1819-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் நாட்டுப்புறத்தில் பிறந்தார். தந்தை ராபர்ட் எவான்ஸ், பெருநிலக்கிழார் குடும்பம் ஒன்றின் நிலங்களை மேற்பார்த்து வந்தவர். பள்ளி ஆசிரியை ஒருவரின் செல்வாக்கால் மேரி கடும் கிறித்தவப் பற்றுடையவரானார். 1838-இல் அண்ணனுடன் இலண்டன் சென்றபோது நாடகம் காண மறுத்தார். புதினம் படிப்பதையும் கண்டித்தார். அவரே பின்னாளில் புதினங்களால் புகழ் பெற்றார் என்பது வியப்பன்றோ!

1841-இல் தந்தையும் மகளும் கவென்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்குச் சார்லஸ் பிரே குடும்பத்தாரின் நட்பும், கிறித்தவத்தின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் ஹென்னலின் நூலும் அவர் எண்ணத்தை மாற்றின. 1842 ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர் தேவாலயம் செல்ல மறுத்தார். தந்தை சினந்தார், மகளோடு வாழ்ந்த வீட்டையே விட்டுவிட முனைந்தார். மேரி சில வாரம் அண்ணன் வீட்டில் தங்க நேர்ந்தது. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: மகள் தந்தையுடன் ஆலயம் செல்வார், உள்ளத்தில் எண்ணுவது அவர் உரிமை. 1849-இல் தந்தை இறக்கும்வரை, நோயுற்ற அவருக்கு மகளே பணிவிடை செய்தார்.

இதனைப் போலி நடிப்பு எனச் சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. தம் கருத்தை அவர் மறைக்கவில்லை, மறுத்துரைக்கவும் இல்லை. கொள்கையால் மக்கள் வேறுபடினும், உணர்வின் உண்மையே அவர்களைப் பிணைக்கும் என்று 1843-இல் தோழி சாரா ஹென்னலுக்கு எழுதினார். அதே காலத்தை அடுத்து, ஏசுவின் வரலாற்றை ஆராயும் ஸ்ட்ராஸ் என்பாரின் ஜெர்மன் நூலை மொழிபெயர்த்து 1846-இல் வெளியிட்டார். அறிவுக்கு உண்மையும் தந்தைக்கு அன்பும் ஒருங்கே இருந்தன.

1861-இல் வெளிவந்த 'சைலஸ் மார்னர்' என்னும் அவரது புதினம் இவ்வினாவையே ஆராய்கிறது. கண்டிப்பான சபை ஒன்றைச் சேர்ந்த நெசவாளி சைலஸ்மீது பொய்யான திருட்டுக் குற்றம் சாட்டப்படுகிறது. சபையார் திருவுளச்சீட்டுப் போட்டு அவனைக் குற்றவாளி என முடிவு செய்கின்றனர். நம்பிக்கை இழந்தவன் வேற்றூர் சென்று, பதினைந்து ஆண்டுகள் தறியும் பொற்காசுமே துணையாக வாழ்கிறான். பொன் களவு போகிறது. பனியில் தாய் இறக்க, ஒரு குழந்தை அவன் குடிசைக்குள் வருகிறது. அதனை வளர்க்க அயலாரின் துணை வேண்டியிருந்தது. அதனால் ஊராரோடும் உறவு பிறந்தது. தன்னைக் குற்றவாளியாக்கிய தீர்ப்புக்குக் காரணம் கேட்டுப் பழைய ஊருக்குச் சென்றபோது, சபைக் கூடம் இருந்த இடத்தில் தொழிற்சாலை நின்றது. அவன் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, வாழ்வு கிடைத்திருந்தது.

சமயத்தை நீங்கியவர் வெறுப்பையே துணையாகக் கொண்டால், பழைய கட்டு நீங்கியதாகாது. எலியட் அம்மையாரோ தாம் விட்ட சமயத்தாரையும் பரிவோடு வரைந்தார். 'ஆடம் பீடு' புதினத்தில் வரும் பெண் போதகர் டைனா இதற்குச் சான்று. பிறர் துன்பத்தை உணர்தலும் அன்றாடக் கடமையைச் செய்தலுமே அவர் கண்ட பற்றுக்கோடு. நம்பிக்கையுடையோரும் இல்லாதோரும் ஒரு வீட்டில் கூடி வாழ்வதற்கு இஃது இன்றும் உரிய வழியாகும்.