நீர்மோரா, பானகமா? ஆளில்லாத பந்தலுக்கு ஓர் ஒப்பீடு

சித்திரை வெயிலில் வீட்டில் காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஒரு விசேஷம் வைத்தால், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே தொண்டை வறண்டிருக்கும். வாசலோரம் ஒரு மேசை போட்டு, குழாய் வைத்த பானையும் தம்ளர்களும் அடுக்கி, வேண்டியதை அவர்களே பிடித்துக் குடிக்க விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு. அதில் எதை வைப்பது என்றதும் நினைவுக்கு வருபவை நீர்மோரும் பானகமும்தான். ராமநவமிக்கு இரண்டையும் சேர்த்தே படைக்கிறோம். மதுரைச் சித்திரைத் திருவிழாப் பந்தல்களிலும் இரண்டும் உண்டு. ஆனால் பந்தலில் கலக்கி ஊற்ற ஒருவர் நிற்பார். வீட்டு மேசையில் அப்படி யாரும் இல்லை. அந்த நிலையில் எது தாக்குப்பிடிக்கும் என்பதே கேள்வி.

தயாரிப்பில் இரண்டுமே எளிது. பத்து லிட்டர் நீர்மோருக்கு இரண்டு லிட்டர் தயிரைக் கடைந்து எட்டு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் போதும். உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் கைப்பக்குவம். அதே அளவு பானகத்துக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வெல்லம் பிடிக்கும். வெல்லத்தில் மண்ணும் கரும்புச் சக்கையும் இருக்கும் என்பதால் கரைத்து வடிகட்டுவது கட்டாயம். பிறகு எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலக்காய். விரும்பினால் பச்சைக் கற்பூரம் ஒரு துளி.

வித்தியாசம் தெரிவது பானையை வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான். நீர்மோர் சும்மா இருக்காது. தயிரின் திப்பி அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்து நிற்கும். குழாய் அடியில் இருப்பதால் முதலில் வந்தவருக்குக் கெட்டி மோர், கடைசியில் வந்தவருக்கு வெறும் உப்புத் தண்ணீர். நறுக்கிப் போட்ட கறிவேப்பிலை குழாயை அடைத்துக்கொள்ளும். திருகித் திருகிப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்து தம்ளரையே உள்ளே முக்குகிறவர்களும் உண்டு. இதெல்லாம் போதாதென்று, வெயில் ஏற ஏறப் புளிப்பும் ஏறும். காலையில் கலந்த மோர் பிற்பகலில் வேறு மோர்.

பானகத்துக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு. கரைந்த வெல்லம் பிரிந்து அடியில் படியாது. படிவது சுக்குப் பொடி மட்டும்தான். அதைக் கவனிக்காவிட்டால் அடியில் பிடித்தவருக்குத் தொண்டை எரியும். சுக்கைத் தட்டித் துணியில் முடிந்து ஊறவிட்டு எடுத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. பகல் முழுக்கச் சுவை பெரிதாக மாறாது. அதன் எதிரி எறும்பும் ஈயும். இறுக்கமான மூடியும், மேசைக்கால்களை நிறுத்தத் தண்ணீர்க் கிண்ணங்களும் வேண்டும்.

குடிப்பவர் பக்கமிருந்து பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. நீர்மோரை அவரவர் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உப்பைக் குறைத்துக் கலந்து, ஒரு கிண்ணத்தில் உப்பும் இன்னொன்றில் நறுக்கிய கொத்தமல்லியும் வைத்தால் ரத்தக் கொதிப்புள்ளவரும் தயங்க மாட்டார். பானகத்தின் இனிப்பைத் தம்ளரில் பிடித்த பிறகு குறைக்க வழியில்லை. சர்க்கரை நோயாளிகள் ஒதுங்கிவிடுவார்கள். இனிப்பு ஒரு தம்ளரோடு திகட்டும். மோரை இரண்டாவது தம்ளரும் கேட்பார்கள். தலைக்கு இரண்டு தம்ளர், அதாவது 400 மில்லி என்று கணக்கிட்டால் ஐம்பது பேருக்கு இருபது லிட்டர் வேண்டும்; அதில் பெரும்பங்கு மோராக இருப்பதே சரி.

பாத்திரத்தில் இரண்டுக்கும் ஒரே விதி: புளிப்புள்ளவை என்பதால் ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகாது. மண்பானை மோருக்குப் பொருத்தம். வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மதுரை, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் இது நன்றாக நடக்கும். சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவாக எடுபடாது. மோர் ஊற்றிய பானையில் அந்த வாடை தங்கும், பிறகு குடிநீருக்கு ஆகாது. பானகத்துக்கு எவர்சில்வர் போதும். பிளாஸ்டிக் தம்ளரும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடையில் இருப்பதால், தம்ளரும் எவர்சில்வரே. கழுவ ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

ஆக, கவனிக்க ஆளே கிடைக்காத வீட்டில் பானகம் மட்டும் வையுங்கள். பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரும் இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக் கலக்கிவிட ஒரு பிள்ளையாவது இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு நீர்மோர், ஒரு பங்கு பானகம். மோரையும் மொத்தமாகக் கலக்காதீர்கள். பாதித் தயிர் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். முதல் பானை தீர்ந்ததும் புதிதாகக் கடையுங்கள்.