சென்சுவல், சென்சுவஸ்: ஒரு வேரின் இரு சொற்கள்

கீட்சின் கவிதையை வகுப்பில் விளக்கும்போது நாம் ஒருமுறை பெரும்பிழை செய்தோம். ஆங்கிலத் திறனாய்வாளர் அவருக்கு வழக்கமாகச் சூட்டும் 'சென்சுவஸ்' என்னும் அடைமொழியைச் 'சிற்றின்பம் சார்ந்த' என்று பெயர்த்துவிட்டோம். கனியின் சுவையும் மலரின் மணமும் நிறைந்த பாடலில் சிற்றின்பம் எங்கே என்று ஒரு மாணவி கேட்டார். அச்சொல்லின் பிறப்பைத் தேடிச் சென்றபோதுதான் அக்கேள்வியின் நியாயம் நமக்கு விளங்கிற்று.

'சென்சுவல்', 'சென்சுவஸ்' ஆகிய இரண்டுக்கும் வேர், புலனுணர்வைக் குறிக்கும் 'சென்சுஸ்' என்னும் இலத்தீன் சொல். முன்னது மூத்தது, பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. புலன் சார்ந்தது என்ற பொதுப்பொருள் அதற்கு இருந்தும், உடலை ஆன்மாவின் பகையெனக் கண்ட காலத்தில் காமமும் பெருந்தீனியும் அதனோடு ஒட்டிக்கொண்டன. புலன்களைப் பழிக்காமல் சுட்ட ஒரு சொல் இல்லாமற்போயிற்று.

அக்குறையைத் தீர்த்தவர் மில்டன். 1641-இல் சமயச் சீர்திருத்தம் பற்றி எழுதுகையில், ஆன்மாவின் கூட்டாளியாகிய உடலுக்குச் 'சென்சுவஸ்' என்று அடைகொடுத்தார். அதற்கு முந்திய ஆட்சி எதனையும் ஆக்ஸ்போர்டு அகராதி காட்டவில்லை. 1644-இல் வெளிவந்த கல்வி பற்றிய சிறுநூலில், தருக்கத்தைவிடக் கவிதை எளியது, புலன்வழிப்பட்டது, உணர்ச்சி மிக்கது என்னும் கருத்தைச் சொல்லும்போதும் அதனையே ஆண்டார். பியூரிட்டன் மரபோடு சேர்த்து எண்ணப்படும் ஒருவர் புலன்களுக்கு மாசற்ற சொல் தந்தார் என்பதை நம்மால் வியக்காமலிருக்க இயலவில்லை.

ஆயினும் அச்சொல் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. அதனை மீட்டவர் கோல்ரிட்ஜ். 1814-இல் கலைத்திறனாய்வுக் கட்டுரைகளில், மில்டனும் முன்னோர் பலரும் ஆண்ட சொல்லையே தாம் மீட்டதாக எழுதினார்; 1817-இல் 'பயோகிராபியா லிட்டரேரியா' நூலிலும் அச்சொல்லைப் பயன்படுத்தினார். 'முன்னோர் பலர்' என்பது சற்று மிகை! எனினும் திறனாய்வில் அச்சொல் நிலைத்தது.

1926-இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு நூலில் இவ்விரண்டின் வேறுபாட்டை வரையறுத்தார். 1969-இல் 'தி சென்சுவஸ் உமன்' என்றொரு நூல் வந்து பெருவிற்பனை கண்டது. அது பேசியதோ பாலின்பம். ஃபௌலர் கணக்கில் தலைப்பு 'சென்சுவல்' என்றிருந்திருக்க வேண்டும். மில்டன் விலக்க முயன்ற கறை அவர் படைத்த சொல்லிலும் படிந்தது. இன்றைய அகராதிகள் பல அப்பொருளையும் தருகின்றன.

'புலனின்பம்' என்று நாம் எழுதினாலும் 'இன்பம்' மெல்லச் சிற்றின்பத்தின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. அதனால் அடுத்த ஆண்டு கரும்பலகையில் கீட்சைப் 'புலன்செறிந்த கவிஞர்' என்று மட்டும் எழுதினோம்.